பதினொரு மணித் தமிழ்ச் சுற்று

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் விருந்தினர்க்கு வழிகாட்டப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு விண்ணப்பம். கொழுந்து எவ்வாறு வாட்டப்படுகிறது, எவ்வாறு உருட்டப்படுகிறது, எவ்வளவு வெப்பத்தில் உலர்த்தப்படுகிறது என்பனவற்றை என்னிடம் கேளாதீர்கள். அவை யாவும் அலுவலகம் அளித்த கையேட்டில் உள்ளன. கையேடு என்னைவிட நன்றாகச் சொல்லும். நடுவில் இருமவும் இருமாது.

நான் சொல்ல விழைவது வேறு. பல்லாண்டுகள் இத்தோட்டத்துத் தேயிலை ஆலைக்குள் ஒரே பாதையில் நடந்து ஓய்வு பெற்றவன் நான். வரவேற்புக் கூடத்தில் தொடங்கி, கொழுந்து வாட்டும் மாடம் ஏறி, உருளைகள் இரையும் கூடத்தைக் கடந்து, தேநீர் சுவைக்கும் மேசையில் முடியும் அப்பாதை இன்றும் மாறவில்லை. என் பின்னால் நடந்தோர் பேசிய மொழிதான் மாறிக்கொண்டே வந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலம் கூடிற்று. அதை நான் எவ்வாறு புரிந்துகொண்டேன், எவ்வளவு காலம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன் என்பதைச் சொன்னால், உங்களுக்கு வேலையில் உதவக்கூடும்.

ஒருமுறை தமிழ்நாட்டிலிருந்து ஓர் இணையர் வந்திருந்தனர். கணவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது, அவர் தமிழர். என் நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்ததும் அவருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். நான் ஆங்கிலத்தில் வரவேற்றேன். ஆலை முழுவதையும் ஆங்கிலத்திலேயே காட்டினேன். அம்மையார் தம் கணவரிடம் மெல்லிய குரலில், "இவருக்கு இங்கிலீஷ் சுமாராத்தான் வருது, பாவம்" என்று தமிழில் கூறியதும் என் செவியில் விழுந்தது. நானும் ஆலையின் காவலாளியிடம் தமிழில், "ஐயா பேசும் ஆங்கிலத்துக்கு நான் தேவலாம்" என்றேன். பின்னர் தேயிலைச் சரிவில் இறங்குகையில் கணவர் கால் வழுக்கி, "ஐயோ, அம்மா" என்று சாய்ந்தார். நான் கையைப் பற்றி, "பார்த்து, பார்த்து" என்றேன். பிறகு அவர் எழுந்து, காற்சட்டையின் மண்ணைத் தட்டிவிட்டு, ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். நானும் ஆங்கிலத்தில் "பரவாயில்லை" என்றேன்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று இல்லம் சென்று சிரித்தேன். ஆனால், அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வந்தேன்: தமிழர் தமிழரிடம் ஆங்கிலம் பேசுவது பெருமைக்காக. மேடையில் சொன்னால் அவையினர் தலையாட்டும் முடிவு அது. நான் பல மேடைகளில் சொல்லியும் இருக்கிறேன். அம்முடிவைக் குலைத்தவர் கோலாலம்பூருக்கு அருகிலுள்ள கிள்ளானிலிருந்து வந்த ஒரு பெண்மணி. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அக்காலத்தில் வரவேற்புக் கூடத்தில் ஒரு பலகை தொங்கும். ஆங்கிலச் சுற்று மணிக்கு ஒருமுறை. மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவற்றுக்கு நாளுக்கு ஒரு சுற்று. மலாய்ச் சுற்று நின்றுவிடாமல் பள்ளிப் பேருந்துகள் காவல். மாண்டரின் சுற்றுக்குச் சீன நாட்டுப் பயணிகள் காவல். பதினொரு மணித் தமிழ்ச் சுற்றுக்குக் காவல் தலைமை வழிகாட்டியாகிய நான் ஒருவனே.

அச்சுற்றை நடத்தியவர் கனகம். இத்தோட்டத்துச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபின், தமிழும் மலாயும் சரளமாகப் பேசுவார் என்பதால் என் பரிந்துரையின்பேரில் வழிகாட்டியானார். ஆங்கிலம் தெரியாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தப் பணி. அப்பணியோடு இணைந்தது தோட்டத்து வரிசை வீடு. பணி போனால் வீடும் போகும். அவருடைய மகள் அருகிலுள்ள தானா ராத்தா நகரப் பள்ளியில் இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது.

மேலாளர் ஓர் இளம்பெண். கோலாலம்பூரில் வளர்ந்த தமிழர் மகள். ஆயினும் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லையும் நான் கேட்டதில்லை. அவரைக் கொடியவர் என எண்ணிவிடாதீர்கள். எனக்கு நாற்காலி காட்டி அமரச் செய்து, மிகுந்த கனிவோடு ஆங்கிலத்தில் விளக்கினார். தமிழ்ச் சுற்றுக்கு ஆளே வருவதில்லை; தமிழர்களே ஆங்கிலத்தைத்தான் கேட்கிறார்கள்; பள்ளி விடுமுறை முடியும்வரை பார்ப்போம்; அதன்பிறகும் இப்படியே இருந்தால் பலகையிலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம். மறுத்துரைக்க என்னிடம் சான்று இல்லை. கனகத்திடம் வந்து சொன்னேன். அவர் மொழியைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப வீடு, ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

விடுமுறை தொடங்கியதும் நான் களத்தில் இறங்கினேன். கனகத்துக்காக ஒரு புதிய வரவேற்புரையை இயற்றினேன். ஒரு வேற்றுச் சொல் கலவாத உரை. அதை அலுவலகத்தின் ஒப்புதலுக்கும் அனுப்பி, முத்திரையும் பெற்றேன். கனகம் அதைப் பாடம் செய்து ஒப்பித்தார். ஒப்பிக்கும்போது கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொள்வார், ஆய்வாளர் முன் நிற்கும் பள்ளிச் சிறுமியைப்போல. அதை நான் பணிவு என்று கருதினேன்.

நுழைவுச்சீட்டு வழங்கும் முகப்பில் நானே நின்றேன். தமிழ்க் குடும்பம் எது வந்தாலும் இரு கை கூப்பி, "வருக, வருக. இன்றமிழில் எம் ஆலையைக் கண்டு மகிழ விழைகின்றீர்களா?" என்று வினவினேன். அவர்களும் கை கூப்பினர். முறுவலித்தனர். பிறகு நேராகச் சென்று ஆங்கிலச் சுற்று வரிசையில் நின்றனர்.

ஆங்கிலச் சுற்றை நடத்திய தினேஷ் என்னும் இளைஞன் இதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்; வாயைத்தான் அடக்கத் தெரியாது. ஒருநாள் தேநீர் வேளையில் அருகே வந்தான்.

"சார், நீங்க கேக்கறது கல்யாண மண்டபத்து வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கிற மாதிரி இருக்கு. எல்லாரும் கும்புட்டுட்டு உள்ள போயிடறாங்க."

அவனுடைய ஒப்புமை பொருத்தமாக இருந்தமையால் நான் என் தேநீரைக் குடித்து முடித்தேன்.

விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. அதுவரை தமிழ்ச் சுற்றுக்கு வந்தவர் எவருமில்லை. காலையிலிருந்தே மூடுபனி. மகிழுந்துகள் நிற்குமிடத்தில் ஒரு குடும்பம் இறங்கியது: தந்தை, தாய், வளர்ந்த பிள்ளைகள் இருவர். கிள்ளானிலிருந்து வருபவர்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. வழியில் கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெர்ரியை யார் மடியில் வைத்துக்கொண்டு நசுக்கியது என்று நால்வரும் உரத்த தமிழில் வழக்காடிக்கொண்டே வந்தனர். என் நெஞ்சு நிமிர்ந்தது. இதோ என் தமிழ்ச் சுற்று என்று எண்ணினேன்.

முகப்பை நெருங்கியதும் நால்வர் குரலும் தாழ்ந்தது. அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் ஆங்கிலச் சுற்றைக் கேட்டார்.

அன்று எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கை கூப்பாமல், நேராகவே கேட்டேன்: இவ்வளவு அழகாகத் தமிழ் பேசிக்கொண்டு வந்தீர்களே, தமிழ்ச் சுற்றில் வரலாகாதா? ஆங்கிலத்தில் கேட்பதுதான் மதிப்பு என்று கருதுகிறீர்களா?

அவர் முகம் சிவந்தது. கணவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். பிறகு அப்பெண்மணி மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். மதிப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க தமிழ் ஒரு மாதிரி, பாதி மலாய் பாதி இங்லீஷு. நீங்க பேசறதக் கேட்டாலே பயமா இருக்குலா. உங்ககிட்ட எதாச்சும் கேக்கப்போயி, பிள்ளைங்க முன்னுக்கு நீங்க திருத்திட்டா? இங்லீஷ்ல தப்பாப் பேசினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இதைச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டு, ஆங்கில வரிசைக்குப் போய்விட்டார்.

உலகெங்கும் ஆங்கிலம் பரவியதற்கு அறிஞர் பல காரணம் கூறுவர்: வணிகம், கப்பல், கணினி. அவற்றை நானும் படித்திருக்கிறேன். ஒருவர் எவ்வளவு சிதைத்துப் பேசினாலும் ஆங்கிலம் அவரை உள்ளே விடுகிறது என்பதை எவரும் எனக்குச் சொன்னதில்லை. சீன நாட்டவர் ஒருவிதமாகவும், ஒல்லாந்தர் வேறு விதமாகவும், நம் தினேஷ் மூன்றாவது விதமாகவும் பேசுகின்றனர். ஆங்கிலம் முகம் சுளிப்பதில்லை. தமிழின் வாயிலிலோ நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது பதினொரு மணி. தமிழ்ச் சுற்றின் பலகையடியில் கனகம் தனியே நின்றிருந்தார். மேல்மாடித் தேநீரகத்தின் கண்ணாடிக்கு அப்பால் மேலாளர் கோப்பையோடு நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்நேரத்தில்தான் ஆ ஹோக் வந்தார். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் சீனர். தேநீரகத்துக்குத் தம் சரக்குந்தில் கோசும் தக்காளியும் கொண்டு வருபவர். சிறுவயதில் தந்தையோடு நம் வரிசை வீடுகளில் காய்கறி விற்று வளர்ந்தமையால் நம்மவரைப் போலவே தமிழ் பேசுவார். எல்லாரும் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்போம். கூடையை இறக்கிவிட்டுக் கனகத்தைப் பார்த்தார்.

"என்னா கனகா, தனியா நிக்கிற? யாரு வரணும்?"

"யாராச்சும் வரணும் தவுக்கே. தமிழ் டூருக்கு ஆள் இல்ல."

"நான் வரேன். எத்தன வருசமா கோஸ் கொண்டாறேன், உள்ள என்னா நடக்குதுன்னு ஒருநாளும் பாத்ததில்ல. கடைசியில டீ குடுப்பீங்கதானே?"

ஒருவர் வந்தாலும் சுற்று நடந்தாக வேண்டும் என்பது விதி. ஆயினும், காய்கறிக்காரர் ஒருவரைக் கொண்டு ஒரு வீட்டைக் காப்பாற்ற இயலுமா என்பது எனக்கு ஐயமே. மூவரும் கொழுந்து வாட்டும் மாடத்துக்கு ஏறினோம். தினேஷின் குழு அங்கே முன்னதாகவே வந்திருந்தது: கிள்ளான் குடும்பம், ஒல்லாந்து நாட்டு இணையர் ஒருவர், வேறு சில தமிழர்.

கனகம் கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்தார். கண்களை மேலே உயர்த்தினார். "பேரன்புமிக்க விருந்தினர்ப் பெருமக்களே" என்று தொடங்கினார்.

ஆ ஹோக் திரும்பித் தம் பின்னால் பார்த்தார். பிறகு இடப்புறம் பார்த்தார்.

"யாரக் கூப்புடற? நான் ஒருத்தன்தான் நிக்கிறேன்."

கிள்ளான் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தனர். கனகத்தின் முகம் கன்றிவிட்டது. அடுத்த வரி அவருக்கு மறந்துபோயிற்று. அவர் என்னைப் பார்த்தார்.

இளையோரே, நம் பணியில் இத்தகைய கணம் வரும்; கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை. நான் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்திருந்தால் சுற்று முறைப்படி நடந்து, முறைப்படி முடிந்து, திங்களன்று பலகையிலிருந்து அழிந்திருக்கும். உரையை விட்டுவிடச் சொன்னாலோ, அலுவலகம் ஒப்புதல் அளித்த உரையை மீறினார் என்னும் குற்றமும் கனகத்தின்மேல் ஏறும். ஆள் இல்லாததால் பணி போவது ஒன்று. விதியை மீறியதால் போவது வேறு. பின்னதற்கு மன்றாடவும் வழியில்லை. மாடத்தின் வாயிலில் மேலாளரின் காலணி ஒலி கேட்டது. அவர் கீழிறங்கி வந்து, தூணருகே நின்றுவிட்டார். என் செவியிலோ அந்தக் கிள்ளான் பெண்மணி சொன்னது இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"கனகம், அந்த உரை போதும்" என்றேன். "தவுக்கே உங்கள் வீட்டு வாசலுக்குக் காய்கறி கொண்டுவந்தால் எப்படிப் பேசுவீர்களோ, அப்படியே பேசுங்கள்."

"அப்படியேவா? ஏசுவேன்லா ஐயா."

"ஏசுங்கள்."

அவர் கைகள் தொடையை விட்டு இடுப்புக்கு ஏறின.

"தவுக்கே, போன வாரம் குடுத்த தக்காளி பூரா வாடல். இங்க பாருங்க இந்தக் கொழுந்த. ஒங்க தக்காளி வாடினா குப்ப. இது வாடினாத்தான் டீ."

"அப்ப வாடின தக்காளிய இங்கயே கொண்டாந்து குடுத்துடறேன். டீ போட்டுக்க."

அதன்பின் நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் தேவையிருக்கவில்லை. காற்று எங்கிருந்து வருகிறது, மழை நாளில் ஏன் அதிக நேரம் பிடிக்கிறது, கொழுந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துப் பார்த்து அதன் பதம் அறிவது எப்படி என்றெல்லாம் கனகம் ஆ ஹோக்கோடு சண்டை பிடித்தவாறே சொல்லி முடித்துவிட்டார். உருளைக் கூடத்துக்கு இறங்கியபோது, உருளையைக் காட்டி, இரைச்சலை மீறிக் குரலை உயர்த்தினார்.

"இது என் மாமியா மாதிரி. அடிக்காது, கடிக்காது. சுத்திச் சுத்தி வந்தே சாறெடுத்துடும்."

"ஒன் மாமியாவ எனக்குத் தெரியும். ஒரு கோஸ் காசுக்கு ரெண்டு கோஸ் வாங்கிட்டு, மூணாவதுக்குக் கைய நீட்டும்."

சிரிப்பொலி கேட்டுத் திரும்பினேன். கிள்ளான் தந்தை எங்களருகே நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போது தினேஷை விட்டு வந்தார் என்று தெரியவில்லை. அடுத்துப் பிள்ளைகள் வந்தனர். கடைசியாக அந்தப் பெண்மணியும் வந்து, ஓரமாக நின்று, ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, ஹுஜான்ல நனைஞ்ச கொழுந்து வந்தா ரிஜெக்ட்டா?"

மழைக்கு மலாய்ச் சொல் போட்டுக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தில் பூச்சி ஏதும் உள்ளதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"ஹுஜான் இங்க எந்த நாள் இல்லம்மா?" என்றார் கனகம். "ரிஜெக்ட் பண்ணிக்கிட்டே இருந்தா, நீங்க கிள்ளான்ல எதக் குடிப்பீங்க?"

அதன்பிறகு அப்பெண்மணியின் கேள்விகள் நிற்கவே இல்லை.

தேநீர் சுவைக்கும் மேசைக்கு வந்தபோது ஆங்கிலச் சுற்றில் எஞ்சியிருந்தவர் அந்த ஒல்லாந்து இணையர் மட்டுமே. அவர்களும் தினேஷின் கையைப் பிடித்து இழுத்து, அந்த அம்மையார் என்ன சொல்கிறார், எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தனர். தினேஷ் கனகத்தின் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதை ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான். மாமியாரை அவன் மொழிபெயர்த்த விதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆயினும் ஒல்லாந்து அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் தூய தமிழைக் கைவிட்டுவிட்டேன் என்று எவரும் மகிழ வேண்டா. இவ்வுரையைக் கேட்டாலே உங்களுக்கு விளங்கும். என் சொற்கள் நல்ல சொற்கள். அவற்றுக்கு ஏடும் மேடையும் உள்ளன. ஆனால், ஒரு மொழிக்குள் வரத் தயங்கி நிற்பவரின் முதற்சொல்லைத் திருத்துவது, விருந்தினர் செருப்பைக் கழற்றுமுன் அவர் பாதத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒப்பு. அவர் செருப்போடே திரும்பிவிடுவார். எதிரே ஆங்கிலத்தின் வீடு திறந்தே கிடக்கிறது. அங்கே செருப்போடு போகலாம்.

எல்லாரும் கோப்பையை எடுத்துக்கொண்ட வேளையில், தூண் தூணாக மறைந்து மறைந்து வந்த மேலாளர் மேசைக்கு வந்தார். கனகம் கைகளை மீண்டும் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டார். முத்திரையிட்ட உரையை மீறியது என் கட்டளை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மேலாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. கனகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார், நிறுத்தினார், மறுபடி முயன்றார். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

"அக்கா... இந்த மாதிரி பேச்சு... நாளைக்கு, நீங்க பேசுது, இருக்கா?"

அவர் தமிழ் பேசி நாங்கள் கேட்பது அதுவே முதன்முறை. தினேஷ் என்னைப் பார்த்தான். கிள்ளான் பெண்மணியும் என்னைப் பார்த்தார். நான் என் கோப்பையின் அடியில் படிந்திருந்த தேயிலைத் துகள்களில் ஆழ்ந்திருந்தேன்.

கனகம் சற்றும் சிரிக்கவில்லை. தாமும் அதுபோலவே மெதுவாக விடை கூறினார்.

"இருக்கும் மேடம். வீடு இருந்தா பேச்சும் இருக்கும்."

மேலாளர் அதைத் தம் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டதுபோல் அவர் உதடுகள் அசைந்தன. பிறகு ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, கனகத்தின் பக்கத்து நாற்காலியை இழுத்து அமர்ந்தார்.

"வீடு இருக்கு" என்றார்.

அந்த இரண்டு சொற்களில், நானே தேடியிருந்தாலும், திருத்துவதற்கு ஒன்றும் அகப்பட்டிராது.